வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழில் தந்த மூன்று ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாக்கர் என்றால் 'நடப்பவர்' என்றுதானே பொருள்?

இல்லை. குறைந்தபட்சம், சாலையில் நடப்பவர் இல்லை. வாக்கர் என்பது கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்துக் கெட்டியாக்கும் தொழிலாளிக்கு இருந்த பெயர். பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கெரே'. அதற்கு அடியான 'வெயல்கன்' என்ற வினைச்சொல்லுக்கு அன்று உருட்டுதல், புரட்டுதல் என்பதே முதன்மையான பொருள். காலால் நடப்பது என்ற பொருள் ஏறத்தாழ 1200 வாக்கில்தான் நிலைபெற்றது. தொழிற்பெயர் அதற்கு முந்தியது. ஜெர்மன் மொழியில் 'வால்கன்' என்ற வினை இன்றும் கம்பளியை அடித்துக் கெட்டிப்படுத்துவதையே குறிக்கிறது, அங்கேயும் வால்கர் என்ற குடும்பப் பெயர் உண்டு.

ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக விறுவிறுவென நடக்கும் கனவானைப் பலர் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தப் படம் 1908-இல் டாம் பிரவுன் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்தது. பெயரின் இன்றைய ஒலியை வைத்துச் செய்த விளம்பரம், அவ்வளவே.

வாக்கர், ஃபுல்லர், டக்கர் மூன்றும் ஒரே தொழில்தானா?

ஒரே தொழில்தான். மூன்று பெயர்களும் மூன்று வழியாக வந்தவை. ஃபுல்லர் என்பதன் வேர் லத்தீன் 'ஃபுல்லோ'. பழைய ஆங்கிலத்தில் 'ஃபுல்லெரே' என்று ஏற்கெனவே இருந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அவர்களின் பிரெஞ்சு வழியாகவும் அதே வேர்ச்சொல் வந்து சேர்ந்து அதற்கு வலுக்கொடுத்தது. டக்கர் என்பது 'டூகியன்' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. அதன் பொருள் வதைத்தல்! அந்தத் துணி பட்ட பாட்டைப் பார்த்தால் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் ஒருவருக்கு வாக்கர், இன்னொருவருக்கு டக்கர் என்று எப்படி அமைந்தது?

வட்டார வழக்கால். குடும்பப் பெயர்கள் உறைந்துபோன 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் எந்த ஊரில் எந்தச் சொல் புழங்கியதோ அதுவே பெயராயிற்று.

டக்கர் தென்மேற்கில்: டெவன், சாமர்செட், கார்ன்வால், கடல் தாண்டித் தெற்கு வேல்ஸ். ஃபுல்லர் தென்கிழக்கிலும் கிழக்கிலும்: சசெக்ஸ், கென்ட், எசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக். வாக்கர் வடக்கிலும் மத்தியப் பகுதிகளிலும்: யார்க்ஷயர், லங்காஷயர், டர்ஹாம், டார்பிஷயர், அதற்கப்பால் ஸ்காட்லாந்து முழுதும். 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைந்த குடும்பப்பெயர் வரைபடங்களில்கூட இந்தப் பிரிவு பளிச்சென்று தெரிகிறது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலோர் மூதாதையர் வட்டாரத்தை விட்டு அதிகம் நகரவில்லை என்று பொருள்.

எண்ணிக்கையில் வாக்கர் மற்ற இரண்டையும் வெகுதூரம் பின்தள்ளிவிட்டது. இங்கிலாந்தில் மிகப் பரவலான முதல் இருபது குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. ஹாம்ப்ஷயர், சசெக்ஸ் பக்கம் கண்ணில் படும் 'வொல்லர்' என்ற பெயரும் ஃபுல்லரின் திரிபுதான். தென்பகுதி நாவில் ஃப ஒலி வ ஆகிவிடும்.

தறியிலிருந்து வந்த துணியை எதற்காக மிதிக்க வேண்டும்? அப்படியே உடுத்த முடியாதா?

முடியாது. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடைபோல் இழை தெரியும், காற்றும் மழையும் உள்ளே வரும். போதாக்குறைக்கு எண்ணெய்ப் பிசுக்கு வேறு. நூற்கும்போது இழை அறாமல் இருக்க ரோமத்தில் வெண்ணெயோ எண்ணெயோ தடவுவது வழக்கம். அந்தப் பிசுக்கு இருக்கும்வரை சாயமும் சீராகப் பிடிக்காது.

கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில்போல அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன, எல்லாம் இழையின் நுனியை நோக்கிச் சாய்ந்தவை. ஈரம், வெப்பம், காரம், அழுத்தம் நான்கும் சேர்ந்தால் இழைகள் ஒரே திசையில் ஊர்ந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு பிரியாது. கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாத்தனமாகச் சுடுநீரில் வாஷிங் மெஷினில் போட்டவர்களுக்கு இது புரியும். அவர்கள் தவறிச் செய்ததை இந்தத் தொழிலாளி அளவு பார்த்துச் செய்தார்.

வேலை எப்படி நடந்தது?

முதலில் பிசுக்கு எடுப்பது. துணியைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் தண்ணீரும் கலந்து ஊற்றி மிதிப்பார்கள். பிறகு ஓடும் நீரில் அலசல். அடுத்து, ஒருவகைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றி மீண்டும் மிதிப்பது. எஞ்சிய பிசுக்கைக் களிமண் உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி அலசல். மண் முழுதும் போகாவிட்டால் துணி காய்ந்ததும் தூசி பறக்கும், சாயத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அதன்பிறகுதான் உண்மையான கெட்டிப்படுத்தல். வெதுவெதுப்பான நீர் (பிற்காலத்தில் சோப்பும் சேர்ந்தது) ஊற்றி, துணியை மடித்து மடித்து மிதிப்பார்கள். நீளமான ஒரு துணிக்கு இரண்டு மூன்று பேர் நாட்கணக்கில் மிதிக்க வேண்டியிருந்தது. அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில வகைகளில் அதற்கு மேலும் சுருங்கிவிடும்; நீளமும் குறையும். 'பிராட்கிளாத்' எனப்படும் உயர்ரகக் கம்பளியைத் தறியில் அவ்வளவு அகலமாக நெய்தது இதற்காகவே. ஒருவர் கைக்கு எட்டாத அகலம் என்பதால் இரண்டு நெசவாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளிக்கொண்டார்கள்.

கெட்டியான துணியைத் திறந்தவெளியில் நட்ட நீண்ட மரச்சட்டத்தில் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். மேல்கட்டை நிலையாக இருக்கும், கீழ்க்கட்டையை ஏற்றி இறக்கலாம். இரண்டிலும் வரிசையாக வளைந்த ஆணிகள். துணியின் இரு கரைகளையும் இந்த ஆணிகளில் குத்தி, கீழ்க்கட்டையை இறக்கி முடுக்கினால் சுருக்கமில்லாமல், ஒரே அகலமாகக் காயும். பதற்றத்தில் தவிப்பவரை டென்டர் ஆணியில் மாட்டியிருப்பவராகச் சொல்லும் ஆங்கில வழக்கு இங்கிருந்து வந்தது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் டென்டர்கிரவுண்ட் என்ற பகுதிக்குப் பெயர் வந்ததும் இந்தச் சட்டங்களால்தான்.

கடைசியாக டீசில் என்ற செடியின் முள்தலைகளைக் கைச்சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, ஈரத்துணியின் மேல் இழுத்துப் பஞ்சு எழுப்புவார்கள். எழுந்த பஞ்சைப் பிரமாண்டமான கத்தரியால் சமமாக வெட்டுவது தனித் தொழில், தனிக் குடும்பப் பெயர்: ஷியர்மன், ஷெர்மன்.

சிறுநீர் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. பல நாள் மூடி வைத்துப் புளித்தால்தான் பயன். புதிய சிறுநீரில் இருப்பது யூரியா. அது பிசுக்கை அசைக்காது. பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாகச் சிதைத்த பிறகு கிடைக்கும் காரநீர்தான் கொழுப்போடு சேர்ந்து சோப்புபோல வேலை செய்கிறது. யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் 'லான்ட்' என்று அதற்குப் பெயர். வீடு வீடாகப் பீப்பாய் வைத்துச் சேகரித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில்கூட இது வழக்கொழியவில்லை. சோப்புக்குக் காசு கொடுக்க வேண்டும், இதற்கு அநேகமாக வேண்டாம். ரோமிலும் இதே கதைதான்: சேகரித்த சிறுநீருக்கு வரி போட்ட பேரரசர் வெஸ்பாசியன் கைவைத்தது இந்தத் தொழிலாளர்களின் மூலப்பொருளில்.

ஃபுல்லர்ஸ் எர்த் என்று கடையில் கிடைப்பது இந்த மண்ணா?

அதே வகை. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் முகத்துக்குப் பூச முல்தானி மிட்டி என்று வாங்குவதும் இந்த வகைக் களிமண்தான். பெரும்பகுதி மான்ட்மோரிலோனைட் என்ற தாது. எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்வது அதன் குணம். இங்கிலாந்தில் சரே மாவட்டத்து நட்ஃபீல்டு, பெட்ஃபோர்டுஷயரின் வோபர்ன் பகுதி மண்ணுக்கு நல்ல பெயர். வெளிநாட்டு நெசவாளர்களுக்கு அது கிடைத்துவிடக் கூடாது என்று 17-ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள்.

துணி வெளுக்க நம்மூரில் பயன்படுத்திய உவர்மண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உவர்மண்ணில் வேலை செய்வது அதிலுள்ள காரம். இது உறிஞ்சும் களி.

தமிழ் பைபிளில் ஃபுல்லர் வரும் இடத்தில் 'வண்ணான்' என்று இருக்கிறதே?

ஆமாம், மாற்கு 9:3-இல் அப்படித்தான் இருக்கிறது. அந்த வசனம் துணியின் வெண்மையைப் பற்றியது, பண்டைய மத்தியதரைக் கடல் ஊர்களில் இந்தத் தொழிலாளிகள் உடுத்திய ஆடைகளையும் வெளுத்துக் கொடுத்தார்கள். ஆகவே அங்கே பொருத்தமே. ஆனால் இடைக்கால இங்கிலாந்தின் ஃபுல்லர் அழுக்குத்துணி வாங்கியவர் அல்ல. அவரிடம் போனது தறியிலிருந்து நேராக வந்த புதுத்துணி. துணி உற்பத்தியில் அவர் ஒரு கட்டம். வண்ணாரைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்கள் வேறு: லாவெண்டர் என்ற குடும்பப் பெயர் அப்படி வந்ததுதான், பூவால் அல்ல.

இந்த வேலையில் என்னவெல்லாம் கெட்டுப்போகும்?

மடிப்பை மாற்றாமல் ஒரே இடத்தில் மிதித்தாலோ இடித்தாலோ மடிப்புக்கோடு அப்படியே உறைந்துவிடும்; பிறகு எந்த டென்டராலும் எடுக்க முடியாது. அதனால் அவ்வப்போது துணியை வெளியே எடுத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று அகலவாக்கில் இழுத்து, மடிப்பைக் கலைத்துத் திரும்பப் போட வேண்டும். அப்போதே அகலத்தையும் அளந்துகொள்வார்கள். அளவு தாண்டிச் சுருங்கிவிட்டால் திரும்ப வழியில்லை.

நீர் அதிகமானால் துணி மிதந்து நழுவும், கெட்டிப்படாது. குறைந்தால் உராய்வில் சூடேறிப் பிய்யும். மோசமான தவறு மனிதரால் வருவது: நீளமாகக் காட்டுவதற்காக டென்டரில் அளவுக்கு மீறி இழுப்பது. வாங்கியவர் தைத்துப் போட்டு முதல் மழையில் நனைந்ததும் சட்டை பழைய அளவுக்குச் சுருங்கும். இதற்கு எதிராக அரசு சட்டம் மேல் சட்டம் போட்டது. துணி அகலத்துக்கு 1215-இன் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்திலேயே ஒரு பிரிவு, 35-ஆவது, இருக்கிறது: இரு கரைகளுக்கும் இடையே இரண்டு 'எல்' (துணி அளக்கும் பழைய நீள அளவு) இருக்க வேண்டும்.

துணி மிதிக்கும் வேலையைத் தண்ணீர் ஆலைகள் செய்யத் தொடங்கிய பிறகும் பெயர் மட்டும் ஏன் மாறவில்லை?

பெயர் வேரூன்றிய காலத்திலேயே ஆலைகள் வந்துகொண்டிருந்தன. டெம்ப்ளர் மதவீரர்கள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்த 1185-ஆம் ஆண்டு ஆவணத்தில் யார்க்ஷயரின் நியூசம், கிளாஸ்டர்ஷயரின் பார்ட்டன் ஆகிய இடங்களில் இத்தகைய ஆலைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. நீர்ச்சக்கரம் சுழற்றும் உருளையில் முனைகள் இருக்கும். அவை இரண்டு கனத்த ஓக் மரச்சுத்தியலை மாறி மாறித் தூக்கிவிடும். சுத்தியல் தன் எடையால் தொட்டியில் விழும். தொட்டியின் உட்புறம் வளைவாக இருப்பதால் ஒவ்வொரு அடிக்கும் துணி தானே கொஞ்சம் புரண்டு கொடுக்கும்.

மிதிப்பவர்களுக்கு அது பிடித்திருக்குமா? லண்டனில் 1298-இல், நகருக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபோர்டு ஆலைகளுக்குத் துணி அனுப்பப்படுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். செயின்ட் ஆல்பன்ஸில் தகராறு வேறு மாதிரி. மடத்தின் ஆலைக்குத்தான் துணி வர வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும் என்றார் மடாதிபதி. ஊரார் வீட்டிலேயே மிதித்துக்கொண்டார்கள். 1274-இல் வழக்கு வெடித்து, அரசி எலினோரிடமே முறையிட்டும் ஊரார் தோற்றார்கள். நெசவின் பல கட்டங்கள் 18-ஆம் நூற்றாண்டு வரை கைவேலையாகவே நீடிக்க, இது ஒன்று மட்டும் இத்தனை முன்னதாக இயந்திரத்துக்குப் போனது. ஆனால் மிதித்தவரை அழைத்த பெயராலேயே ஆலை நடத்தியவரையும் அழைத்தார்கள். எனவே உங்கள் வாக்கர் மூதாதை காலால் மிதித்தவரா, ஆலை வைத்திருந்தவரா என்பதைப் பெயர் சொல்லாது.

வாக்கர்கள் எல்லாம் ஒரே வம்சமா?

வாய்ப்பே இல்லை. கம்பளி நெய்த ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் இருந்தார், ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனியாகப் பெயர் கிளைத்தது. 'வாக்கர் குலச்சின்னம்' என்று இணையத்தில் விற்கும் கேடயப் படத்தை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனிநபருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது, குடும்பப் பெயருக்கு உரியது அல்ல.

வேறு மூலத்திலிருந்து வந்த வாக்கர்களும் உண்டா?

உண்டு. நியூகாசில் அருகே வாக்கர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானிய மதில் ஓரச் சதுப்பு என்று பொருள். அந்த ஊரிலிருந்து சிலர் பெயர் பெற்றிருக்கலாம். ஸ்காட்லாந்தின் கேலிக் குடும்பங்கள் சில, 'துணி மிதிப்பவரின் மகன்' எனப் பொருள்படும் மாக் அன் ஃபூகடிர் என்ற தங்கள் பெயரை வாக்கர் என்று ஆங்கிலமாக்கிக்கொண்டன. அமெரிக்காவில் கருப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தப் பெயர் அடிமை முறையின் காலத்தில் அல்லது விடுதலைக்குப் பின் வந்தது. அங்கே தொழிலைத் தேடுவது வீண். அயர்லாந்து டக்கர்களில் ஒரு பகுதி ஓ டுவாஹர் என்ற ஐரிஷ் பெயரின் ஆங்கில வடிவம், அதற்கும் துணிக்கும் தொடர்பில்லை.

அரச காடுகளில் ரோந்து சுற்றிய காவலரும் 'வாக்கர்' எனப்பட்டார், அதுவே மூலம் என்றும் ஒரு விளக்கம் சுற்றுகிறது. எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை: குடும்பப் பெயர் நிலைத்த காலத்துக்குப் பிறகுதான் அந்தப் பதவிப்பெயர் பரவலாகக் காணப்படுகிறது.

இதே துணித்தொழிலில் பிறந்த மற்ற பெயர்கள்?

வெப், வெபர், வெப்ஸ்டர் மூன்றும் நெசவாளர். லிஸ்டர் சாயம் தோய்ப்பவர். டயர் என்பதும் அதுவே. டெவனில் டோசர், கம்பளியைப் பிரித்துச் சிக்கெடுப்பவர். லங்காஷயரின் பவ்க்கர், துணியைக் காரநீரில் ஊறவைத்து வெளுப்பவர். '-ஸ்டர்' என்று முடியும் தொழிற்பெயர்கள் முதலில் பெண்களுக்கு உரியவை. வடக்கே சீக்கிரமே இருபாலருக்கும் பொதுவாகிவிட்டன.

என் ஆய்வில் ஒரு வாக்கர் குடும்பம் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பெயரின் பொருளிலிருந்து அல்ல, கைவசம் உள்ள கடைசி உறுதியான நபரிடமிருந்து பின்னோக்கி. இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்குகிறது. மக்கள்தொகைக் கணக்குகளில் 1841 முதல் வீட்டார் பெயர் கிடைக்கும். 1931-இன் தாள்கள் தீயில் போயின, 1941-இல் கணக்கே எடுக்கவில்லை. 1837-க்கு முன் தேவாலயப் பதிவேடுகள், அவற்றின் தொடக்கம் 1538-இல் வந்த ஆணை. எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது தப்பிப் பிழைக்கவில்லை.

அதற்கும் பின்னால் போனால் 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்தர் லத்தீனில் எழுதினார். 'ஃபுல்லோ' என்று இருந்தால் அது அந்த மனிதரின் தொழிலா, பெயரா, ஊரார் அவரை வாக்கர் என்றார்களா டக்கர் என்றார்களா எதுவும் தெரியாது. யார்க்ஷயர் பட்டியலில் ஃபுல்லோ கண்டதும் 'எங்கள் ஃபுல்லர் வடக்கிலிருந்து வந்தவர்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் தெருவில் வாக்கராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 'லே வாக்கெரே' என்று 1300-க்கு முன் எழுதியிருந்தால் அவரே அந்தத் தொழில் செய்தவராக இருக்கக்கூடும். 1450-க்குப் பிந்திய வாக்கர், தொழில் பத்தியில் கசாப்புக்காரர் என்று இருந்தாலும் வியக்க வேண்டாம்.

ஊரின் பழைய நிலப்படத்தையும் பாருங்கள். வடக்கில் வாக்மில், கார்ன்வாலில் கேம்போர்ன் அருகே டக்கிங்மில், வேல்ஸில் பாண்டி என்றெல்லாம் ஆலை இருந்த இடங்கள் பெயரை வைத்திருக்கின்றன. டோனிபாண்டி என்ற ஊர்ப்பெயரின் கடைசிப் பகுதி இந்த ஆலைதான். ஆற்றோரம் அப்படி ஒரு பெயரும், பக்கத்து வயலுக்கு டென்டர் என்ற பெயரும் இருந்தால் தொழில் நடந்த இடம் ஏறக்குறைய உறுதி.

இப்போதும் நேரில் பார்க்க முடியுமா?

லங்காஷயரின் ஹெல்ம்ஷோரில் 18-ஆம் நூற்றாண்டு இறுதியின் ஆலை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நீர்ச்சக்கரமும் மரச்சுத்தியல்களும் அங்கே உள்ளன. எக்சிடர் நகரின் ஃபோர் தெருவில் 1471-இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் நிற்கிறது, நெசவாளர், ஃபுல்லர், ஷியர்மன் மூவரும் சேர்ந்த சங்கத்தின் கூடம். அந்தச் சங்கத்துக்கு 1620-இல் அரச சாசனம் கிடைத்தது. சாசனப் பெயரில் எழுதியது ஃபுல்லர், ஊரார் கூடத்தை அழைத்தது டக்கர். லண்டனில் ஃபுல்லர் சங்கத்தைத் தேடுபவர்கள் கிளாத்வொர்க்கர்ஸ் நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். ஃபுல்லர்களும் ஷியர்மன்களும் 1528-இல் அந்தப் பெயரில் இணைந்துவிட்டார்கள்.